டிராக்டரில் கேமரா பொருத்திப் பயிர் வரிசையைக் கண்காணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வரிசைப் பயிரில் இடையுழவு (வரிசைகளுக்கு நடுவே களை போக்கும் உழவு) ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். முன்னால் பார்த்தால் பின்னால் கொழு எங்கே போகிறதென்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் அதற்குள் டிராக்டர் விலகி நாலு செடி போயிருக்கும். கருவியின் அகலம் கூடக் கூட, ஓரத்தில் இருக்கும் கொழு கண்ணுக்கே எட்டாது. கேமராவுக்கு வேலை வருவது இங்கேதான்.

ஆசையாக வாங்கிய கேமரா ஒரே பருவத்தில் மூலைக்குப் போவதும் உண்டு. அப்படிப் போனால் பெரும்பாலும் கேமராவைக் குறை சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் வாங்கியிருப்பார்கள், அல்லது ஆடுகிற கம்பியில் மாட்டியிருப்பார்கள். எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை பிராக்கெட்டுக்குக் கொடுத்தால் போதும், முக்கால்வாசிப் பிரச்சினை வராது. அதனால் இந்த வழிகாட்டியில் பொருத்தும் வேலைக்குத்தான் இடம் அதிகம்.

படி 1: யார் பார்ப்பதற்கு?

கேமரா என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று ஓட்டுநர் பார்ப்பதற்கு. கருவியில் கேமரா, கேபினில் திரை, நடுவில் ஒரு கேபிள், அவ்வளவுதான். இன்னொன்று இயந்திரமே பார்ப்பதற்கு. படத்தில் வரிசை எங்கே ஓடுகிறது என்று கணினி கண்டுபிடித்து, ஹைட்ராலிக் சிலிண்டர் வழியாகக் கருவியை இடமும் வலமும் நகர்த்தும், அல்லது டிராக்டரின் ஸ்டீயரிங்கையே திருப்பும். முதல் வகையைக் கைவேலை தெரிந்த யாரும் பொருத்தலாம். இரண்டாவது வகை கருவியோடு சேர்ந்த முழு அமைப்பாக வரும். ஆனாலும் கேமராவின் உயரம், சாய்வு, நடுப்புள்ளி (கருவியின் நடு, வரிசையோடு ஒத்துப்போகும் இடம்) ஆகியவற்றைச் சரிபார்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக, களையைக் கண்டு அந்த இடத்தில் மட்டும் மருந்து தெளிக்கும் இயந்திரங்களும் உண்டு. ஜான் டியர் நிறுவனம் 2017இல் புளூ ரிவர் டெக்னாலஜி என்ற நிறுவனத்தை வாங்கியது இதற்காகத்தான். பின்னர் வந்த சீ அண்ட் ஸ்ப்ரே தெளிப்பானில் 120 அடி பூமில் (தெளிப்பு நாசில்கள் வரிசையாக உள்ள நீண்ட கையில்) 36 கேமராக்கள், ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்று. அது தொழிற்சாலையிலேயே பொருத்தி வருவது, நாம் தனியாக வாங்கி மாட்டும் சமாச்சாரம் இல்லை. எனவே அதை இங்கேயே விட்டுவிடலாம்.

வாங்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இந்தக் கேமராவைப் பார்த்து நான் எதை முடிவு செய்யப் போகிறேன்? 'மூன்றாவது கொழுவில் சருகு சேர்ந்துவிட்டதா?' என்பது நல்ல கேள்வி. 'கொழுவுக்கும் செடிக்கும் எவ்வளவு இடைவெளி?' என்பதும் நல்ல கேள்விதான். 'பின்னால் என்ன நடக்கிறது?' என்பது கேள்வியே இல்லை. அதற்கு எந்தக் கேமரா வாங்கினாலும் திருப்தி வராது. ஒரு கேள்விக்கு ஒரு கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேள்விகளை ஒரே அகலக் கோண லென்ஸில் அடக்கப் பார்த்தால் இரண்டும் பொடியாகத் தெரியும்.

கேமராவுக்குப் பொருந்தாத கேள்விகளும் இருக்கின்றன. விதை ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க விதைப்புக் கருவியில் கேமரா வைப்பது வீண் வேலை. விதைக்குழாய்க்குள் இருக்கும் ஒளி உணரி ஒவ்வொரு விதையையும் எண்ணும். புழுதியில் பாயும் விதையைத் திரையில் எண்ண முடியாது. விதைப்பில் கேமராவின் வேலை, சால் மூடுகிறதா, சால் பிளக்கும் முன்தட்டில் சருகு அடைக்கிறதா என்று பார்ப்பதோடு முடிகிறது.

படி 2: விதைத்த அகலமும் கருவி அகலமும் ஒத்துப்போகின்றனவா?

இது இயந்திரம் பார்க்கும் வகைக்கு மட்டும். ஆனால் வாங்கும் முன் பார்க்க வேண்டியது.

ஆறு வரிசை விதைப்புக் கருவி ஒரு ஓட்டத்தில் போடும் ஆறு வரிசைகளும் ஒன்றுக்கொன்று துல்லியமான இடைவெளியில் இருக்கும், ஏனென்றால் அவை ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டவை. அடுத்த ஓட்டம் அதன் பக்கத்தில் வரும்போது, இரண்டு ஓட்டங்களும் சேரும் இடத்தில் உள்ள இடைவெளி ஓட்டுநரின் கையைப் பொறுத்தது. 75 செ.மீ. என்று நினைத்த இடம் 70 ஆகவும் இருக்கும், 82 ஆகவும் இருக்கும். இடையுழவுக் கருவியின் நடுப்பகுதி இந்தச் சேரும் இடத்தின் மேல் போனால், பாதிக் கொழுக்கள் ஒரு ஓட்டத்துக்கும் மீதிப் பாதி இன்னொன்றுக்கும் சேரும். கேமரா எதைப் பின்பற்றினாலும் மற்றதில் செடி போகும். எவ்வளவு விலையுள்ள கேமராவும் இதைச் சரிசெய்யாது.

ஆகவே இடையுழவுக் கருவி, விதைப்புக் கருவியின் அதே எண்ணிக்கை வரிசை கொண்டதாக இருக்க வேண்டும். அல்லது பன்னிரண்டு வரிசை விதைப்புக்கு ஆறு வரிசை இடையுழவு என்பதுபோல, விதைப்பு வரிசை எண்ணிக்கை இடையுழவு வரிசை எண்ணிக்கையால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். ஓட்டும்போதும் விதைத்த அதே வரிசைத் தொகுப்பில் ஓட்ட வேண்டும்.

'ஆர்டிகே ஜிபிஎஸ் இருக்கிறதே, கேமரா எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு: ஆர்டிகே என்பது தரை நிலையம் ஒன்றிலிருந்து வரும் திருத்தத்தோடு இயங்கும் ஜிபிஎஸ். அது சுமார் 2.5 செ.மீ. துல்லியம் தரும், உண்மைதான். ஆனால் அது சொல்வது டிராக்டரின் கூரையில் இருக்கும் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்பதை. விதைக்கும்போது சரிவில் கருவி கொஞ்சம் கீழே நழுவியிருந்தால், செடி முளைத்திருக்கும் இடம் ஜிபிஎஸ் கோட்டிலிருந்து விலகியே இருக்கும். கேமரா பார்ப்பது கோட்டை அல்ல, முளைத்த செடியை. அதேபோல, செடி முளைக்கும் முன் கேமராவால் ஒரு பயனும் இல்லை, அங்கே ஜிபிஎஸ்தான் துணை. இலைகள் இரு பக்கமும் கூடி மண்ணை மூடிய பிறகும் கேமராவுக்கு வரிசை பிடிபடாது. மக்காச்சோளம் போன்ற தண்டு தடித்த பயிரில் அந்தக் கட்டத்தில் தண்டைத் தொட்டு உணரும் கம்பி உணரிகள் கைகொடுக்கும். கேமராவின் காலம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. களைக்கு எதிரான போரும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம்.

படி 3: லென்ஸைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். கேமராவிலிருந்து மண் வரையுள்ள தூரத்தை, லென்ஸ் கோணத்தின் பாதிக்கான 'டேன்' மதிப்பால் (கால்குலேட்டரில் tan) பெருக்கி இரட்டியுங்கள். வருவதுதான் படத்தில் விழும் அகலம்.

மண்ணிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், நேர் கீழே பார்க்கும் 60 டிகிரி லென்ஸ் சுமார் 1.7 மீட்டர் அகலம் காட்டும். அதே உயரத்தில் 90 டிகிரி லென்ஸ் 3 மீட்டர் காட்டும். 120 டிகிரி லென்ஸ் 5 மீட்டருக்கு மேல் காட்டும். அதிகம் தெரிந்தால் நல்லதுதானே என்று 120ஐ எடுத்தால், நேர்கோட்டில் உள்ள வரிசைகள் ஓரங்களில் வில்லாக வளையும். செடி கடுகாகத் தெரியும். பின்னால் ஆள் நிற்கிறாரா என்று பார்க்க அகலக் கோணம் நல்லது. வரிசையைப் பார்க்க 60 முதல் 80 டிகிரிக்குள் இருந்தால் போதும். விளம்பரத்தில் போடும் கோணம் பல சமயம் மூலைக்கு மூலை அளந்தது, பக்கவாட்டுக் கோணம் அதைவிடக் குறைவு என்பதையும் மனதில் வையுங்கள். கோணத்துக்குப் பதிலாக மி.மீ. போட்டிருந்தால், 4.8 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் 2.8 மி.மீ. லென்ஸ் சுமார் 80 டிகிரி, 3.6 மி.மீ. சுமார் 67, 6 மி.மீ. சுமார் 44.

இயந்திரம் பார்க்கும் கேமரா நேர் கீழே பார்ப்பதில்லை, முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். 1.5 மீட்டர் உயரம், 45 டிகிரி சாய்வு என்றால், படத்தின் நடுப்புள்ளி 1.5 மீட்டர் முன்னால் விழும். லென்ஸிலிருந்து அதுவரை 2.1 மீட்டர். 60 டிகிரி லென்ஸில் அந்த இடத்தில் கிடைக்கும் அகலம் கிட்டத்தட்ட 2.45 மீட்டர். 45 செ.மீ. இடைவெளிப் பயிரில் ஐந்து வரிசைகள் விழும், 75 செ.மீ. என்றால் மூன்று. ஒரே வரிசையை நம்புவதைவிட மூன்று வரிசைகளைச் சேர்த்து நம்புவது பாதுகாப்பு. ஒன்றில் செடி முளைக்காமல் இடைவெளி விழுந்திருந்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும்.

இப்போது பிக்சலுக்கு வரலாம். 2.45 மீட்டர் அகலத்தை 1280 பிக்சல் பகிர்ந்துகொண்டால், ஒரு பிக்சலுக்கு 1.9 மி.மீ. அதாவது 2 செ.மீ. விதையிலை பத்து பிக்சலில் விழும். அது போதும். இதற்கு மேல் பிக்சல் கூட்டிப் பெரிய லாபம் இல்லை. லென்ஸில் படியும் புழுதி அந்த லாபத்தை முதல் அரை மணி நேரத்திலேயே தின்றுவிடும்.

படி 4: வேகமும் தாமதமும்

மணிக்கு 8 கி.மீ. என்பது நொடிக்கு 2.2 மீட்டர். கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்த நேரத்துக்குள் மண் 37 மி.மீ. நகர்ந்துவிடும், சின்னச் செடி ஒரு பச்சைக் கீறலாகத் தெரியும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் நகர்வு 2.2 மி.மீ., படம் தெளிவு. பகலில் நல்ல கேமரா தானாகவே வேகமான ஷட்டருக்குப் போகும். மாலையில் வெளிச்சம் குறையும்போதுதான் படம் கலங்க ஆரம்பிக்கும். அதற்கு மருந்து கூடுதல் விளக்கு, கூடுதல் பிக்சல் இல்லை.

மலிவான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். அதிர்வில் அப்படிப் படித்தால் படம் கூழ்போல நெளியும். ஓட்டுநர் பார்வைக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். இயந்திரம் பார்க்கும் அமைப்புக்கு முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் சென்சார் இருந்தால் நல்லது.

தாமதம் வேறு விஷயம். கேமரா பார்த்தது திரையில் வர 0.2 நொடி ஆனால், 8 கி.மீ. வேகத்தில் 44 செ.மீ. கடந்திருக்கும். சருகு அடைப்பைப் பார்க்க இது போதும். இயந்திரம் திருப்புவதற்கு, தாமதம் எவ்வளவு என்பதைவிட அது மாறாமல் இருக்கிறதா என்பதே முக்கியம். நிலையான தாமதத்தைக் கணக்கில் கழித்துவிடலாம். ஏறி இறங்கும் தாமதத்தை என்ன செய்வது? வயர்லெஸ் கேமராவின் பலவீனம் இதுதான். அடிக்கடி கழற்றி மாட்டும் டிரெய்லருக்கு வயர்லெஸ் வசதி. வரிசையைப் பார்க்கக் கேபிளே என் பரிந்துரை.

படி 5: வாங்கும்போது

அட்டைப்பெட்டியில் பார்க்க வேண்டியவை குறைவு. ஐபி67 என்றால் தூசு உள்ளே புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் பிரஷர் வாஷரைத் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதற்கு ஐபி69கே வேண்டும். அந்தச் சோதனையில் 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் மிக அருகிலிருந்து அடிப்பார்கள். ஐபி67 கேமரா மழையில் வருடக்கணக்கில் தாங்கி, கடைசியில் கழுவும் இடத்தில் சாகும்.

மின்சாரம் 12 வோல்ட் மட்டுமா, 10 முதல் 32 வோல்ட் வரை ஏற்குமா என்று பாருங்கள். இரண்டாவதே நல்லது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் சட்டென்று விழும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி இணைப்பு விடுபட்டால் எகிறும். இரண்டையும் தாங்க வேண்டும். இணைப்பு திருகிப் பூட்டும் வகையாக இருக்கட்டும். சும்மா செருகும் வகை அதிர்வில் கழன்றுவிடும். திரை 7 அங்குலத்துக்குக் குறையாமல், வெயிலில் தெரியும் அளவு பிரகாசமாக இருக்க வேண்டும். கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பாருங்கள்.

படி 6: பொருத்தும் இடம்

அவசரப்படக் கூடாத வேலை இது.

முதலில் வயரையும் துளையையும் மறந்துவிட்டு, கேமராவைக் கையில் பிடித்தோ தற்காலிக கிளாம்பில் மாட்டியோ திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கருவி வேலை செய்யும் ஆழத்தில் இறங்கியிருக்க வேண்டும். தூக்கிய நிலையில் அழகாகத் தெரியும் கோணம், இறக்கியதும் வெறும் இரும்பைக் காட்டும். படத்தில் வானம் வரக் கூடாது. வானம் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும், மண் கறுத்துவிடும். பளபளக்கும் பானெட்டும் அப்படித்தான்.

ஓட்டுநர் பார்வைக்கு என்றால், கொழு மண்ணைத் தொடும் இடமும் இரு பக்கச் செடிகளும் ஒரே படத்தில் வர வேண்டும். கருவிச் சட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பார்த்தால் கொழு தெளிவாகத் தெரியும். ஆனால் கொழு எறியும் மண் நேராக லென்ஸுக்கு வரும். முன்பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் மண் குறைவு, ஆனால் படம் இட வலம் மாறித் தெரியும். திரையில் கண்ணாடிப் பிம்ப அமைப்பை மாற்றிவிட்டு, ஒரு ஆளை இடப்பக்கக் கொழு அருகே நிற்கச் சொல்லி (என்ஜின் நின்ற நிலையில்) திரையிலும் அவர் இடப்பக்கம்தான் நிற்கிறாரா என்று உறுதிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால், திருத்தவேண்டிய திசைக்கு எதிராகக் கை போகும்.

இயந்திரம் பார்க்கும் கேமராவின் இடம் வேறு. பக்கவாட்டில் நகரும் சட்டத்தில் மாட்டச் சொல்லும் அமைப்பும் உண்டு, நகராத சட்டத்தில் மாட்டச் சொல்லும் அமைப்பும் உண்டு. கையேடு எதைச் சொல்கிறதோ அதில்தான் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் திருத்தம் தப்பாகும். சக்கரம் எழுப்பும் புழுதிக்கு வெளியே, டிராக்டரின் நிழல் குறைவாக விழும் இடம் சிறந்தது.

பிராக்கெட்டைப் பற்றி ஒரு கணக்கு. கேமரா 1.5 மீட்டர் முன்னால் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிராக்கெட் ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பினால், அது பார்க்கும் புள்ளி 2.6 செ.மீ. விலகிவிடும். கொழுவுக்கும் செடிக்கும் நடுவில் நாம் விட்டிருப்பதே ஐந்து செ.மீ.தான். கண்ணுக்கே தெரியாத ஒரு டிகிரி அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. எனவே காந்தத்தில் ஒட்டும் தாங்கி ஓட்டுநர் பார்வைக்கு மட்டும். இயந்திரப் பார்வைக்குக் குறைந்தது இரண்டு போல்ட், தளராத நைலான் நட், வளையாத தடித்த இரும்புக் கை. கை நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. எல்லாம் சரியாக அமைந்த பிறகு பிராக்கெட்டும் சட்டமும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

டாப் லிங்க்கையும் (கருவியின் மேல்முனையை டிராக்டரோடு இணைக்கும் திருகுக் கம்பி) மறக்க வேண்டாம். கருவியில் கேமரா இருக்கும்போது டாப் லிங்க் நீளத்தை மாற்றினால் கருவியோடு கேமராவின் சாய்வும் மாறும். ஆழம் சரிசெய்ய டாப் லிங்க்கைத் திருகிவிட்டு, கேமரா கெட்டுவிட்டது என்று புலம்புவது வழக்கமாக நடப்பது.

படி 7: கேபிள்

மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் இணைப்பிலிருந்து எடுங்கள், ஃபியூஸை மூலத்துக்கு அருகிலேயே வையுங்கள். கேமராவுக்கும் திரைக்கும் எர்த் ஒரே இடத்திலிருந்து போகட்டும். ஆல்டர்னேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டினால் திரையில் கோடுகள் ஓடும்.

கேபிளைக் கட்டும் முன் கருவியை முழுக்கத் தூக்குங்கள், முழுக்க இறக்குங்கள், மடங்கும் கைகள் இருந்தால் மடக்கி விரியுங்கள், பக்கவாட்டு நகர்வை இரு எல்லைக்கும் கொண்டுபோங்கள். எந்த நிலையிலும் கேபிள் இழுபடக் கூடாது. தொங்கிக் கொழுவிலோ, என்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பிடிஓ தண்டிலோ சிக்கவும் கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் தண்டு கேபிளோடு கேமராவையும் பிடுங்கிவிடும். கருவி டிராக்டரோடு சேரும் ஹிட்ச் அருகே, இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் இணைப்பு ஒன்றை வைத்தால், கருவியைக் கழற்றும்போது கேபிளை மறந்த நாளில் நன்றி சொல்வீர்கள். கேமராவுக்குள் நுழையும் இடத்தில் கேபிள் கீழ்நோக்கி ஒரு வளைவு போட்டு வர வேண்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழும், இணைப்புக்குள் போகாது.

தூக்கிய கருவிக்கு அடியில் வேலை செய்யும்போது முட்டு கொடுங்கள், ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாதீர்கள். ஹைட்ராலிக் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள். தானாக நகரும் சட்டத்தின் அருகே போகும் முன் என்ஜினை நிறுத்துங்கள், அமைப்பையும் அணையுங்கள்.

படி 8: வெளிச்சமும் புழுதியும்

நடுப்பகல் வெயிலில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் இருக்கும். சோதிக்க வேண்டியது காலையும் மாலையும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒரு திசையில் போகையில் முதுகில் வெயில், வயல் முனையில் திரும்பியதும் நேரே லென்ஸில் வெயில். இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். லென்ஸுக்கு மேல் ஒரு சிறு மறைப்பு வைத்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

இன்னும் சங்கடமானது டிராக்டரின் நிழல். அதன் ஓரம் வரிசைக்கு இணையாக, வரிசையைவிட நேராக, பக்கத்திலேயே ஓடும். பச்சையை மட்டும் தேடும் அமைப்புகள் இதில் தடுமாறக்கூடும். இரண்டு லென்ஸ் கொண்ட ஸ்டீரியோ கேமராக்கள் செடியின் உயரத்தையும் அளப்பதால் நிழலில் ஏமாறுவது குறைவு.

இரவு வேலைக்கு விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே மாட்டாதீர்கள். புழுதியில் பட்ட வெளிச்சம் நேரே லென்ஸுக்குத் திரும்பி வந்து படம் வெள்ளையாகிவிடும். விளக்கைத் தள்ளி, பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி வைத்தால் செடி நன்றாக எடுபடும்.

லென்ஸை வறண்ட துணியால் தேய்க்கக் கூடாது. மண் துகள் கண்ணாடியைக் கீறும், கீறிய லென்ஸ் வெயிலில் முழுக்கக் கூசும். தண்ணீர் ஊற்றி மண்ணைப் போக்கிவிட்டு மென்துணியால் ஒற்றுங்கள். டிராக்டரில் காற்று அழுத்தம் இருந்தால் லென்ஸ் முன் ஒரு சின்ன நாசில் வைத்து அவ்வப்போது ஊதவிடலாம்.

படி 9: வரிசையைக் கண்டுபிடிக்கும் முறையும் நடுப்புள்ளி சரிசெய்தலும்

அமைப்பு எப்படி யோசிக்கிறது என்று தெரிந்தால் அமைவுகள் குழப்பாது. ஒவ்வொரு பிக்சலிலும் பச்சை மதிப்பை இரட்டித்து, சிவப்பையும் நீலத்தையும் கழிப்பது மிகப் பழகிய முறை. ஆராய்ச்சியாளர் வோபெக்கும் அவருடைய கூட்டாளிகளும் 1995இல் இதை வெளியிட்டார்கள். மண்ணில் பச்சை மட்டும் தனியாக ஓங்குவதில்லை என்பதால் விடை பூஜ்யத்தை ஒட்டி வரும், செடியில் உயர்ந்து வரும். அதன்பின் பச்சைப் புள்ளிகள் எந்தக் கோட்டில் அதிகம் சேர்கின்றன என்று தேட வேண்டும். 1962இல் பால் ஹஃப் என்பவர் காப்புரிமை பெற்ற கோடு தேடும் கணக்கு இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இப்போது நரம்பியல் வலை மாதிரிகளும் (படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள்) வந்துவிட்டன, அவை களையையும் பயிரையும் பிரித்தே அறியும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். சிவப்பு முட்டைக்கோஸ், ஊதா நிறக் கீரை போன்ற பயிர்களில் பச்சைக் கணக்கு பலிக்காது. பயிர் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள அமைப்பு வேண்டும். இரண்டாவது, களை மண்டிய வயலில் எல்லாமே பச்சை என்பதால், வரிசை இடைவெளியை நாம் சரியாகக் கொடுத்தால்தான் அமைப்பு எது வரிசை என்று தேர்ந்தெடுக்கும். 45 செ.மீ. என்பதை 50 என்று போட்டால் அது களையைப் பிடித்துக்கொண்டு போகும். எண்ணைக் கையேட்டிலிருந்து எடுக்காதீர்கள், வயலில் நாலைந்து வரிசைகளைச் சேர்த்து அளந்து வகுத்து எடுங்கள்.

பின்வருமாறு செய்யுங்கள். கருவியை வேலை ஆழத்தில் இறக்கி, சட்டம் மண்ணுக்கு இணையாக இருக்கும்படி டாப் லிங்க்கை அமையுங்கள். மண்ணிலிருந்து லென்ஸ் வரை டேப்பால் அளந்து உயரத்தைப் பதியுங்கள். சாய்வை அளவுமானியால் பாருங்கள், கண் மதிப்பு வேண்டாம். கேமரா பார்க்கும் இடத்துக்கும் கொழுவுக்கும் உள்ள தூரத்தையும் பதியுங்கள். அமைப்பு அந்தத் தூரத்தைக் கடக்கும்வரை காத்திருந்துதான் திருத்தும். வேக உணரி தப்பாக இருந்தால் திருத்தம் முன்கூட்டியோ தாமதித்தோ விழும். அதனால் அளந்த தூரத்தில் ஓட்டி அதையும் சரிபாருங்கள்.

பிறகு நேராக உள்ள, களை குறைந்த இடத்தில் முப்பது மீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். இறங்கி, ஒரு செடி வரிசையின் இடப்பக்கக் கொழு கீறிய தடத்திலிருந்தும் வலப்பக்கக் கொழு கீறிய தடத்திலிருந்தும் செடித் தண்டு வரை அளவெடுங்கள். ஒரே இடத்தில் அளந்தால் போதாது, பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். இடப்பக்கம் 7, வலப்பக்கம் 3 என்று வந்தால் கருவி 2 செ.மீ. இடப்பக்கம் தள்ளிப் போயிருக்கிறது. நடுப்புள்ளியை 2 செ.மீ. வலப்பக்கம் நகர்த்துங்கள். 4 இல்லை, 2தான். வித்தியாசத்தில் பாதி. மீண்டும் ஓட்டி அளந்து, ஒரு செ.மீ.க்குள் வந்ததும் வேலை செய்யும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் கொழுக்களைச் செடியிலிருந்து வழக்கத்தைவிடத் தள்ளியே வையுங்கள். நம்பிக்கை வந்த பிறகு நெருக்கலாம்.

படி 10: தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது

வயலில் மேலே போகும்போதும் திரும்பி வரும்போதும் கருவியின் அதே பக்கம் விலகுகிறதா? அப்படியானால் நடுப்புள்ளிதான் தவறு. போகும்போது இடப்பக்கமும் வரும்போது வலப்பக்கமும் விலகினால், அதாவது வயலின் ஒரே திசையில் விலகினால், நடுப்புள்ளியைத் தொடாதீர்கள். அது சரிவு, அல்லது ஒரு பக்கமாக விழும் நிழல். கருவியைத் தூக்கும் இரு கீழ் லிங்க்குகளின் பக்கவாட்டு ஆட்டத்தை முதலில் பாருங்கள். பக்கவாட்டில் நகரும் சட்டம் கொண்ட கருவிகளில் அவை இறுக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும். லிங்க் தளர்ந்திருந்தால் சிலிண்டர் கருவியைத் தள்ளாமல் டிராக்டரோடு மல்லுக்கட்டும்.

கருவி இடமும் வலமும் பாம்புபோல நெளிந்தால் ஹைட்ராலிக் வேகம் அதிகம், அல்லது பிராக்கெட் ஆடுகிறது. எண்ணெய்ப் பாய்வைக் குறைத்துப் பாருங்கள். நகரும் சட்டத்தின் பின்களும் புஷ்களும் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தாலும் இதே நெளிவுதான் வரும், அதை எந்த அமைவாலும் தீர்க்க முடியாது. திடீரென்று ஒரு முழு வரிசை தாண்டினால் களை மண்டியிருக்கும், அல்லது அங்கே செடி முளைத்திருக்காது, அல்லது வரிசை இடைவெளி எண் தப்பாக இருக்கும்.

ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் திரை அணைந்து வந்தால் மின்னழுத்தம் விழுகிறது, கேமராவில் கோளாறு இல்லை. லென்ஸுக்கு உள்ளே ஆவி படிந்தால் சீல் போய்விட்டது; துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பதிவு செய்து வைக்க விரும்பினால்: 1080பி படம் நொடிக்கு 4 மெகாபிட் வீதம் மணிக்கு 1.8 ஜிபி எடுக்கும். நான்கு கேமரா என்றால் 7.2 ஜிபி, 128 ஜிபி கார்டு சுமார் 17 மணி நேரம் தாங்கும். தொடர்ந்து எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட கார்டாக வாங்குங்கள், சாதாரணக் கார்டு சீக்கிரம் போய்விடும். பதிவில் நேரமும் ஜிபிஎஸ் இடமும் சேர்ந்து பதிந்தால், முளைப்பு குறைந்த இடங்களைப் பிறகு நடந்து போய்ப் பார்க்கலாம். இடம் பதியாத பதிவை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை.

பருவம் முடிந்ததும் கேமராவைக் கழற்றி உள்ளே வையுங்கள், பிராக்கெட்டைக் கழற்றாதீர்கள். இணைப்பு முனைகளுக்கு மூடி போட்டு, மின்கடத்தாத கிரீஸ் தடவுங்கள். உயரம், சாய்வு, நடுப்புள்ளி, வரிசை இடைவெளி ஆகியவற்றைப் பயிர்வாரியாக ஒரு தாளில் எழுதிக் கேபினில் ஒட்டுங்கள். மென்பொருள் புதுப்பிக்கும்போது இந்த எண்கள் அழிந்துபோவது உண்டு. அடுத்த பருவம் அதே எண்களைப் போட்டும் கருவி விலகி ஓடினால், அமைவுகளில் கைவைக்கும் முன் இறங்கிப்போய் பிராக்கெட்டில் போட்ட பெயின்ட் கோட்டைப் பாருங்கள்.